செப்பாங்குக்குப் போகும் நம் பிள்ளைகள்: பிரேக்கைப் பற்றி யார் சொல்வது?

"சாலையில் பந்தயம் விடாதே, ஆசையாக இருந்தால் செப்பாங்குக்குப் போ." சட்டவிரோதப் பந்தயம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இந்த அறிவுரையும் கூடவே வருகிறது. பொறுப்பில் உள்ளவர்கள் சொல்கிறார்கள், சமூக ஊடகத்தில் கருத்து எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள், வீட்டில் நாமும் சொல்கிறோம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆவது பிரிவு பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. ஆக, அறிவுரையில் தவறு ஏதும் இல்லை.

நம் இளைஞர்களில் சிலர் அதைக் கேட்டும் நடக்கிறார்கள். பொதுமக்கள் சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாள்களில் செப்பாங் போய்ப் பாருங்கள். மைவி, சத்ரியா நியோ, சுவிஃப்ட் ஸ்போர்ட், சிவிக், பழைய டொயோட்டா 86 என்று வரிசை நிற்கும். அதில் நம் முகங்களும் இருக்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார், இன்னும் தவணை முடியாத கார். ரிம் பளபளக்கும். டயர் புதிதாக இருக்கும். எக்ஸாஸ்ட் சத்தம் காதைக் கிழிக்கும். பிரேக் பேட் எப்போது மாற்றியது, என்ன பேட், பிரேக் எண்ணெய் எப்போது ஊற்றியது என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இதை எழுத வைத்தது என் அக்காள் மகன்தான். வயது 26. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சென்ற ஆண்டு ஒரு பழைய டொயோட்டா 86 வாங்கினான். முதல் தடவை செப்பாங்குக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டான். நானும் கூரை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிட ஓட்டம். ஐந்தாவது சுற்றில் அவன் கார் வரவில்லை. கடைசி வளைவுக்கு வெளியே சரளைக் கல்லில் போய் நின்றிருந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, காருக்கும் பெரிய சேதம் இல்லை. இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"மாமா, பிரேக்கே பிடிக்கலை. மிதிச்சா அப்படியே கீழே போகுது," என்றான். முகம் வெளுத்திருந்தது. "புது பேட் போட்டுத்தானே வந்தேன்?"

புது பேட்தான். இணையத்தில் வாங்கியது. பெட்டியில் பெரிய பெயர் அச்சிட்டிருந்தது. விலை மட்டும் அந்தப் பெயருக்குப் பொருந்தாமல் மலிவாக இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு மிதிக்கு ஐந்து லிட்டர் கொதிநீர்

பிரேக் என்றால் காரை நிறுத்தும் கருவி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அடுப்பு. ஓடும் காரில் இருக்கும் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார். நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம். வளைவுக்கு அதை 80க்குக் குறைக்க வேண்டும். இதற்கு ஏறக்குறைய 15 இலட்சம் ஜூல் ஆற்றலை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஐந்து லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் அது. வீட்டு அடுப்பில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேலையை நான்கு பிரேக் டிஸ்க்குகளும் எட்டு பேட்களும் நான்கு விநாடியில் செய்கின்றன. அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில்தான். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். 1999இல் திறந்ததிலிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த இடம். பார்வையாளர் மேடையின் இரு பக்கமும் ஓடும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். இரண்டின் முடிவிலும் மிக மெதுவான வளைவு. ஒன்று பதினைந்தாவது வளைவு, மற்றொன்று முதல் வளைவு. அதாவது ஒரு கடும் பிரேக், உடனே முழு வேகம், மறுபடியும் ஒரு கடும் பிரேக். நடுவில் நான்காவது, ஒன்பதாவது, பதினான்காவது வளைவுகள் வேறு. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது. வெளியே வெயில் 33 பாகை. முன்சக்கர டிஸ்க் 500 பாகையைத் தாண்டுவது இங்கே சாதாரணம்.

ஊருக்குள் ஓட்டும்போது அந்த டிஸ்க் 200 பாகையைத் தொட்டாலே அதிகம். கடையில் வாங்கும் சாதாரண பேட் அந்த வாழ்க்கைக்குச் செய்யப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. காலையில் குளிர்ந்திருக்கும்போதே பிடிக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, ரிம்மைக் கறுப்பாக்கக்கூடாது, டிஸ்க்கைத் தின்னக்கூடாது, நாற்பதாயிரம் கிலோமீட்டராவது வர வேண்டும். இத்தனையும் கேட்டுவிட்டு 500 பாகையிலும் பிடி என்றால் அது எங்கே போகும்?

இரண்டு வகைத் தோல்வி

பேட் என்பது ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய கலவை. இழைகள், உலோகத் தூள், கிராஃபைட், உராய்வைக் கூட்டும் துகள்கள் எல்லாவற்றையும் ஒரு பிசின் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரண பேட்டில் 300, 350 பாகைக்கு மேல் அந்தப் பிசின் சிதையத் தொடங்குகிறது. அதிலிருந்து வாயு கிளம்புகிறது. உராய்வு விழுகிறது. மிதிகட்டை கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது. மூக்கைத் துளைக்கும் ஒரு கருகல் வாடை வரும். இது பேட்டின் தோல்வி.

இன்னொன்று எண்ணெயின் தோல்வி. பேட்டின் வெப்பம் பின்தகடு வழியாக பிஸ்டனுக்கும் அங்கிருந்து பிரேக் எண்ணெய்க்கும் போகிறது. எண்ணெய் கொதித்தால் அதில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்க முடியும். அதனால் மிதிகட்டை பஞ்சு மாதிரி கீழே போய்விடும்.

இந்த வேறுபாட்டைத் தடத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்து பிடிக்கவில்லை என்றால் பேட். மிருதுவாகி இறங்கிப் போனால் எண்ணெய். என் மருமகனைத் துருவித் துருவிக் கேட்டபோது, மூன்றாவது சுற்றிலேயே வாடை வந்ததாகவும், "டயர் வாடைன்னு நினைச்சேன் மாமா" என்றும் சொன்னான். நான்காவது சுற்றில் பிரேக் கெட்டியாகிப் பிடி குறைந்திருக்கிறது. இன்னும் பலமாக மிதித்திருக்கிறான். ஐந்தாவதில் எண்ணெயும் போய்விட்டது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக. கார் மூன்று சுற்றாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை என்பதே என் வருத்தம்.

எண்ணெய் விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே எண்ணெய்க்கான குறைந்தபட்ச அளவு 155 பாகைதான். டாட் 3 என்றால் இன்னும் மோசம், 205 பாகை 140 ஆகிவிடும். டாட் 5.1 என்றால் 260, 180. பந்தயத்துக்கென்று விற்கும் சில எண்ணெய்கள் புதிதில் 300 பாகையைத் தாண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுதும் காற்றில் ஈரம். மூன்று ஆண்டு பழைய எண்ணெயோடு தடத்தில் இறங்குவதைவிட இறங்காமல் இருப்பது மேல். புது எண்ணெய்க்கும் கூலிக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு ரிம்முக்கான செலவில் சிறு பங்குகூட வராது. அதையும் யாரும் செய்வதில்லை, ஏனென்றால் அது வெளியே தெரியாது.

அப்படியானால் எந்த பேட்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். விலை கூடிய பேட் போட்டால் கார் சட்டென்று நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பழைய பேட்டே பிடிக்கிறது என்றால், முதல் தடவை நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். நல்ல தட பேட்டுக்குக் கொடுக்கும் காசு முதல் மிதிக்கானது அல்ல. முப்பதாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருப்பதற்கான காசு.

சந்தையில் கிடைப்பதைப் பெருமட்டாக மூன்றாகப் பார்க்கலாம். தினசரி ஓட்டத்துக்கானவை, சாலைக்கும் தடத்துக்கும் இடைப்பட்டவை, முழுப் பந்தய பேட்கள். ஃபெரோடோ, எண்ட்லெஸ், புரொஜெக்ட் மு, பாகிட், ஹாக் போன்ற நிறுவனங்கள் பிந்தைய இரண்டிலும் பல வகை வைத்திருக்கின்றன. (ஃபெரோடோ என்ற பெயர் இத்தாலியச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1897இல் தொடங்கிய அந்த இங்கிலாந்து நிறுவனத்தை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். அவர் பெயரின் எழுத்துகளைப் புரட்டிப் போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்ததுதான் அது.)

யூடியூப் பார்த்துவிட்டு நேராக முழுப் பந்தய பேட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். என் மருமகனும் சரளைக் கல்லிலிருந்து வந்த மறுநாளே அதைத்தான் வாங்கப் போனான். நல்லவேளை, பட்டறையில் இருந்த ஃபோர்மன் அண்ணன் தடுத்தார். "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு காலையில மழையில ஃபெடரல் ஹைவேயில போவியா? முன்னாடி மோட்டார் நின்னா என்ன செய்வே?" என்று கேட்டார். சரியான கேள்வி. பந்தய பேட்கள் பலவற்றுக்குச் சூடேறினால்தான் பிடி. குளிர்ந்திருக்கும்போது, அதுவும் நனைந்திருக்கும்போது, முதல் மிதியில் எதிர்பார்த்த பிடி கிடைக்காது. சாலையில் உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த முதல் மிதிதான். தவிர, அவை கிறீச்சிடும், டிஸ்க்கைத் தேய்க்கும், அவற்றின் தூள் ரிம்மில் ஒட்டித் துருவேறிக் கறையாகும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஐந்தாறு தடவை போகிறவருக்கு, 1,300 கிலோவுக்குள் உள்ள காருக்கு, இடைப்பட்ட வகை பேட் போதும். கூடவே புதுப் பிரேக் எண்ணெய். மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடும் பழக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. பாதி வழுவழுப்பான பந்தய வகை டயர் மாட்டிய பிறகுதான் கதை மாறும். டயரின் பிடி கூடினால் வளைவுக்கு மிகத் தாமதமாகப் பிரேக் போட முடியும், வெப்பம் ஏறும் வேகமும் கூடும். அப்போது பேட்டும் ஒரு படி ஏற வேண்டும். அந்த நிலைக்கு வந்தவர்கள் தடத்துக்கு ஒரு செட், சாலைக்கு ஒரு செட் வைத்துக்கொள்வதே நல்லது.

முன்னால் மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். செய்கிறார்கள். ஆனால் பின்பக்கம் முற்றாகச் சோர்ந்துபோனால் முன்பக்கத்தின் சுமை இன்னும் கூடும். நேர்மாறாக, பின்னால் கடுமையான பேட்டும் முன்னால் சாதாரண பேட்டும் போடுவது மிக ஆபத்து. பிரேக் போட்டபடி வளைவுக்குள் நுழையும்போது வால் வீசும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இக்காலக் கார்களில் நிலைப்புக் கட்டுப்பாடு தானாகவே பின்சக்கர பிரேக்கைப் பிடித்து விடுகிறது. ஓட்டுநர் மிதிக்காத பிரேக்கும் வெந்துகொண்டிருக்கும். பின் பேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று விழிப்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

துளையிட்ட டிஸ்க் பற்றியும் கேட்பார்கள். மலிவான துளை டிஸ்க்கில் விரிசல் துளையிலிருந்துதான் தொடங்கும். சாதாரண டிஸ்க்கே மேல்.

புது பேட் போட்டவுடன் அதை முறைப்படி பழக்க வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடி வரும். படிப்படியாக வேகத்தைக் கூட்டி, முழுதாக நிற்காமல் எட்டுப் பத்துத் தடவை பிரேக் போட்டு, பிறகு ஓட்டியபடியே ஆறவிட வேண்டும். இதை நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள், பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் பேட் பழக்குவது தெரியாது. தடத்தின் முதல் ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஓட்டம் முடிந்து நிறுத்தும்போது மிதிகட்டையை அழுத்தியபடி நிற்காதீர்கள், கைப்பிரேக்கும் போடாதீர்கள். சூடான பேட் டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் படிந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிப் புது டிஸ்க் விற்பார்கள். பல நேரம் டிஸ்க் வளைந்திருக்காது, படிவு சீராக இல்லை என்பதுதான் காரணம்.

பெட்டியில் எழுதியிருப்பது

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். அமெரிக்கத் தரமுறைப்படி, முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது கூடிய சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். எஃப் என்றால் உராய்வு எண் 0.35இலிருந்து 0.45 வரை. ஜி என்றால் 0.45இலிருந்து 0.55 வரை. ஜிஜி என்றால் பந்தயத்துக்கு நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தச் சோதனை ஒரு சிறு துண்டு பேட்டை இயந்திரத்தில் வைத்துச் சுமார் 340 பாகை வரைதான் நடக்கிறது. செப்பாங்கில் கதை தொடங்குவதே அதற்கு மேல்தான். பெட்டியில் உள்ள வெப்ப எல்லையும் அந்தந்த நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. ஒரு நிறுவனத்தின் 600 பாகையும் இன்னொன்றின் 600 பாகையும் ஒன்றல்ல.

சாலைக்கான பேட்டுக்கு நம்பகமான ஒரு குறி உண்டு. ஐக்கிய நாடுகளின் ஆர்90 விதி. மாற்றாகப் போடும் பேட், காரோடு வந்த மூல பேட்டின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்கிறது அது. தேறிய பேட்டின் பின்தகட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண், ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும். ஈ1 ஜெர்மனி, ஈ11 பிரிட்டன், ஈ52 நம் மலேசியா. அந்தக் குறி தடத்துக்கு எதையும் உறுதி சொல்லாது. ஆனால் தாமானிலிருந்து பள்ளிக்கூடம் வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு அது போதுமான உறுதி. முழுப் பந்தய பேட்களில் பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது. சாலையில் பயன்படுத்த அல்ல என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள்.

இப்போது என் மருமகனின் 'பெரிய பெயர்' பேட்டுக்கு வருவோம். கழற்றிப் பார்த்தபோது உராய்வுப் பொருள் பொரிந்து, ஓரத்தில் தகட்டைவிட்டுப் பிரிந்திருந்தது. ஃபோர்மன் அண்ணன் தன்னிடமிருந்த அசல் பேட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அசலில் தகட்டின் மேல் எண்கள் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தன. அவனுடையதில் மை அச்சு, அதுவும் சூட்டில் அழிந்திருந்தது. போலி உதிரிப் பாகங்களை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு பறிமுதல் செய்யும் செய்தி அவ்வப்போது வருகிறது. 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டமும் கையில் இருக்கிறது. இருந்தும் இணையச் சந்தையில் ஒரு கடையை மூடினால் அன்று மாலையே வேறு பெயரில் இன்னொன்று திறக்கிறது. போலிக் கைப்பை வாங்கினால் மானம் மட்டும்தான் போகும். போலி பேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரின் ரசீது இல்லாமல் பிரேக் பாகம் எதையும் வாங்காதீர்கள். ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும் பெரிய பிரேக் கேலிப்பரும் அப்படித்தான். பொருள் அசலாக இருக்கலாம், ஆனால் உள்ளே ரப்பர் சீல் எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது.

ஆறிய பிரேக்கைச் சோதிக்கும் நாடு

இது சில இளைஞர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

கெந்திங் மலைக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஐந்து பேரோடு 1,500 கிலோ எடையுள்ள கார், 800 மீட்டர் உயரத்தைக் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். இறக்கத்தில் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 118 இலட்சம் ஜூல். மேலே சொன்ன செப்பாங் கடும் பிரேக்கைப் போல எட்டு மடங்கு. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டி கியரில் விட்டுவிட்டுக் கீழே வரும்வரை மிதித்துக்கொண்டே வந்தால் எல்லாம் பேட்டுக்குத்தான். 'தாழ்ந்த கியரைப் பயன்படுத்துக' என்ற பலகை அங்கே அழகுக்கு நிற்கவில்லை. 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி அந்த மலைச்சாலையில் பேருந்து விழுந்து 37 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம்.

நம் சோதனை முறை இந்த வெப்பத்தைப் பார்ப்பதே இல்லை. வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. தனியார் காருக்கு, பெயர் மாற்றம் போன்ற சில தருணங்களைத் தவிர, காலமுறைச் சோதனை கிடையாது. அங்கே போனாலும் பிரேக்கை உருளைகளின் மேல் வைத்துச் சில விநாடி அளக்கிறார்கள். ஆறிய பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பது தெரியும். சூடான பிரேக் என்ன செய்யும் என்பது தெரியாது. பேட் அசலா போலியா என்பதும் எண்ணெயில் எவ்வளவு ஈரம் என்பதும் தெரியாது. புஸ்பாகோமின் தனி உரிமை 2024 ஆகஸ்டோடு முடிந்து, சோதனைத் துறையில் மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறந்திருக்கிறது. போட்டி வந்தால் வரிசை குறையும் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். எண்ணெயின் ஈரத்தை அளக்கும் கருவி பேனா அளவுதான், சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் சோதனைப் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றி யாராவது பேசினால் நல்லது.

தட ஏற்பாட்டாளர்களுக்கும் பங்கு உண்டு. நான் போய்ப் பார்த்த நாள்களில் தலைக்கவசம் பார்த்தார்கள், முழுக்கைச் சட்டை பார்த்தார்கள், இழுவைக் கொக்கி பார்த்தார்கள். பேட் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. தடத்தில் பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு இறங்குவது நல்லதல்ல. பேட் மெலியும்போது வெப்பம் எண்ணெயை எட்டுவது எளிதாகிறது. சக்கர இடுக்கு வழியாக ஒரு கைவிளக்கு அடித்தால் தெரிகிற விஷயம் இது.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றை விலக்கி வைக்கிறது. தடத்தில் கார் சுவரில் மோதினால் பழுது உங்கள் செலவு. தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். நுழைவாயிலில் கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துப் பார்க்கும் ஒருவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. என் மருமகன் உள்பட.

நம் இளைஞர் இயக்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஃபுட்சல் போட்டி வைக்கின்றன, பேச்சுப் போட்டி வைக்கின்றன. நல்லதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவதொரு பட்டறையில் இருபது பேரை உட்கார வைத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி, பேட்டையும் எண்ணெயையும் காட்டிச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு ஆகப் போகிறது? கிள்ளானிலும் செந்தூலிலும் ஈப்போவிலும் நம்மவர் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே இருபது முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஃபோர்மன்கள் இருக்கிறார்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

என் மருமகன் இப்போதும் செப்பாங்குக்குப் போகிறான். அக்காளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விடுகிறாள். காரின் பின்பெட்டியில் ஜாக்கும், ஒரு செட் பேட்டும், எண்ணெய்ப் புட்டியும் இருக்கின்றன. டிஸ்க் ஓரத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கோடு வெப்பச் சாயம் பூசியிருக்கிறான். பச்சை 430 பாகையில் நிறம் மாறும், ஆரஞ்சு 560இல், சிவப்பு 610இல். சென்ற தடவை ஓட்டம் முடிந்து வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பச்சை முழுசாப் போயிருச்சு மாமா, ஆரஞ்சு பாதிதான்," என்றான். மாலையில் பேட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கடியில் முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம்.